காற்பந்துக் கழகங்களின் ஊடகத் தொடர்பு

காற்பந்துக் கழகங்களின் ஊடகத் தொடர்பு என்பது தொழில்முறைக் காற்பந்துக் கழகம் ஒன்று செய்தி ஊடகங்களுடனும், தனது இரசிகர்களுடனும், பொதுமக்களுடனும் கொள்ளும் தொடர்பையும், அதனை நடத்தும் துறையையும் குறிக்கும். இத்துறைக்குத் தலைமை தாங்குபவர் தொடர்புத்துறை இயக்குநர், ஊடகத் தலைவர் முதலிய பெயர்களால் அழைக்கப்படுகிறார். செய்தியாளர் சந்திப்புகளை ஒழுங்கு செய்தல், கழகத்தின் அறிக்கைகளை எழுதுதல், வீரர்களின் நேர்காணல்களுக்கு ஏற்பாடு செய்தல், கழகத்தின் சொந்த ஊடகங்களை நடத்துதல், நெருக்கடி நேரங்களில் கழகத்தின் நிலையை விளக்குதல் ஆகியன இவரது முதன்மையான பணிகளாகும்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கழகங்களில் இத்துறை பெரிதும் வளர்ச்சி அடைந்துள்ளது. இக்கட்டுரை பெரும்பாலும் அந்நாட்டுக் கழகங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இத்துறையின் வரலாற்றையும் செயற்பாட்டையும் விளக்குகிறது.

வரலாறு

தொடக்க காலம்

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் காற்பந்துக் கழகங்களில் ஊடகங்களுக்கெனத் தனித் துறை இருக்கவில்லை. கழகச் செயலாளரும் மேலாளருமே செய்தியாளர்களுடன் பேசினர். உள்ளூர் நாளிதழின் செய்தியாளர் மேலாளரைத் தொலைபேசியில் நேரடியாக அழைப்பதும், பயிற்சித் திடலுக்குச் சென்று வீரர்களுடன் உரையாடுவதும் வழக்கமாக இருந்தது. போட்டி நாளில் விற்கப்படும் போட்டி மலர் ஒன்றே கழகம் தன் கருத்தைத் தானே அச்சிட்டு வெளியிடும் வழியாக இருந்தது.

ஊடகங்களின் வலிமையை முன்கூட்டியே உணர்ந்தவர்களுள் ஆர்செனல் கழகத்தின் மேலாளர் எர்பர்ட் சாப்மன் குறிப்பிடத்தக்கவர். அவரது காலத்தில், 1927 சனவரி 22 அன்று, ஆர்செனலின் ஐபரி விளையாட்டரங்கில் செஃபீல்டு யுனைட்டெட் அணியுடன் நடைபெற்ற போட்டியைப் பிபிசி வானொலி நேரடியாக வருணித்தது. இங்கிலாந்துக் காற்பந்து லீக் போட்டி ஒன்று வானொலியில் நேரடியாக வருணிக்கப்பட்டது இதுவே முதல் முறையாகும். 1932ஆம் ஆண்டில் விளையாட்டரங்கின் அருகிலிருந்த கில்லெஸ்பி சாலை சுரங்கத் தொடருந்து நிலையத்திற்கு ஆர்செனல் என்று பெயர் மாற்றப்பட்டதற்கும் சாப்மனின் முயற்சியே காரணமாகும். இதனால் இலண்டன் தொடருந்து வரைபடத்தில் கழகத்தின் பெயர் நிலையாக இடம் பெற்றது.

மியூனிக் விமான விபத்து

அக்காலத்தில் செய்தியாளர்கள் அணியுடன் ஒரே விமானத்தில் பயணம் செய்தனர். ஒரே விடுதியில் தங்கினர். 1958 பெப்ரவரி 6 அன்று பெல்கிரேடு நகரிலிருந்து திரும்பிக் கொண்டிருந்த மான்செஸ்டர் யுனைட்டெட் அணியின் விமானம் மியூனிக் நகரில் விபத்துக்குள்ளானது. இதில் உயிரிழந்த 23 பேரில் எட்டுப் பேர் வீரர்கள். எட்டுப் பேர் செய்தியாளர்கள். இங்கிலாந்து அணியின் முன்னாள் இலக்குக் காவலரும் பின்னர் செய்தியாளராகப் பணியாற்றியவருமான பிராங்க் சுவிஃப்ட் இவர்களுள் ஒருவர். கழகச் செயலாளர் வால்ட்டர் கிரிக்மரும் உயிரிழந்தார். மேலாளர் மாட் பசுபி கடுமையான காயங்களுடன் மருத்துவமனையில் இருந்தார். எனவே, கழகத்தின் சார்பில் பேச வேண்டியவர்களும் அதனை எழுத வேண்டியவர்களும் ஒரே நாளில் இல்லாமற் போயினர்.

விபத்தின் பின்னர் முதற் போட்டி பெப்ரவரி 19 அன்று செஃபீல்டு வெட்னசுடே அணியுடன் நடைபெற்றது. அந்நாளைய போட்டி மலரில் மான்செஸ்டர் யுனைட்டெட் வீரர்களின் பெயர்கள் இருக்க வேண்டிய பதினோர் இடங்களும் வெறுமையாக விடப்பட்டிருந்தன. யார் விளையாடுவர் என்பது மலர் அச்சாகும் வரை உறுதியாகவில்லை. கழகத் தலைவர் அரால்டு ஆர்டுமன், கழகம் தொடர்ந்து இயங்கும் என்ற செய்தியை அதில் எழுதியிருந்தார். காற்பந்துக் கழகம் ஒன்று துயர காலத்தில் இரசிகர்களுடன் பேசிய முறைக்கு இம்மலர் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

தொலைக்காட்சியும் பிரீமியர் லீக்கும்

1964 ஆகத்து 22 அன்று பிபிசியின் "மேட்ச் ஆஃப் த டே" என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. அதன் முதல் ஒளிபரப்பில் லிவர்பூல், ஆர்செனல் அணிகளின் போட்டியின் பகுதிகள் காட்டப்பட்டன. தொலைக்காட்சியின் வருகையால் மேலாளர்கள் பொதுமக்கள் அறிந்த முகங்களாயினர். எனினும், கழகங்களின் நிருவாக முறை உடனடியாக மாறவில்லை.

1992ஆம் ஆண்டில் பிரீமியர் லீக் தொடங்கப்பட்டபோது நிலைமை விரைவாக மாறியது. முதல் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமம் 304 மில்லியன் பவுண்டு மதிப்புடையதாகக் கூறப்பட்டது. 2016 முதல் 2019 வரையான மூன்று பருவங்களுக்கான உள்நாட்டு உரிமம் மட்டும் 5.136 பில்லியன் பவுண்டுகளுக்கு விற்கப்பட்டது. இவ்வளவு பணம் செலுத்தும் நிறுவனங்கள், போட்டிக்கு முன்னும் பின்னும் மேலாளரும் வீரர்களும் தமது ஒளிப்படக் கருவியின் முன் தோன்றுவதை ஒப்பந்த உரிமையாகவே எதிர்பார்த்தன. முன்னர் மேலாளரின் விருப்பத்தைப் பொறுத்திருந்த நேர்காணல், கழகத்தின் கடமையாயிற்று. அக்கடமையை நிறைவேற்றுவதற்கு முழுநேரப் பணியாளர்கள் தேவைப்பட்டனர்.

தொடக்கத்தில் இப்பணிக்கு ஒருவர் அல்லது இருவர் மட்டுமே அமர்த்தப்பட்டனர். இவர்களுட் பலர் முன்னாள் செய்தியாளர்கள். மான்செஸ்டர் யுனைட்டெட் கழகம் 2000ஆம் ஆண்டில் பைனான்சியல் டைம்ஸ் நாளிதழின் செய்தியாளரான பாடி ஆர்வர்சனைத் தனது தொடர்புத்துறைத் தலைவராக நியமித்தது. அவர் 2004ஆம் ஆண்டில் அப்போதைய இளவரசர் சார்லசின் தொடர்புச் செயலாளராகச் சென்றார். காற்பந்துக் கழகமொன்றின் ஊடகப் பணி அரச குடும்பத்தின் ஊடகப் பணிக்கு ஒப்பான சுமையுடையதாகக் கருதப்பட்டதை இது காட்டுகிறது.

இணையக் காலம்

2000களில் கழகங்களின் இணையத்தளங்களும், அதன் பின்னர் சமூக ஊடகங்களும் இத்துறையின் இயல்பை மாற்றின. நாளிதழின் வழியாக அல்லாமல் நேரடியாகவே கோடிக்கணக்கான இரசிகர்களிடம் செய்தியைச் சேர்க்கக் கழகங்களால் முடிந்தது. அதே வேளையில் ஒவ்வொரு வீரரும் தனியொரு ஊடகமாக மாறினார். 2011 சனவரியில் லிவர்பூல் வீரர் ரயன் பாபெல், நடுவர் அவார்டு வெப் மான்செஸ்டர் யுனைட்டெட் சட்டை அணிந்திருப்பது போல் மாற்றப்பட்ட படம் ஒன்றை டுவிட்டரில் வெளியிட்டதற்காக இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கத்தால் 10,000 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டார்.

துறையின் அமைப்பு

பெரிய கழகமொன்றின் தொடர்புத்துறை பொதுவாகப் பின்வரும் பிரிவுகளைக் கொண்டிருக்கும்:

• செய்திப் பிரிவு: செய்தியாளர்களின் வினாக்களுக்கு விடையளித்தல், செய்தியாளர் சந்திப்புகளை நடத்துதல், அனுமதி அட்டை வழங்குதல்.
• உள்ளடக்கப் பிரிவு: இணையத்தளம், சமூக ஊடகங்கள், காணொளிகள், போட்டி மலர் ஆகியவற்றை உருவாக்குதல்.
• நிறுவனத் தொடர்புப் பிரிவு: உரிமையாளர்கள், நிதி அறிக்கைகள், விளையாட்டரங்கக் கட்டுமானம், அரசுடனான தொடர்பு முதலியவை குறித்த அறிக்கைகளை வெளியிடுதல்.
• இரசிகர் தொடர்பு: இரசிகர் மன்றங்களுடன் பேசுதல். ஐரோப்பியக் காற்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் தனது உரிம விதிகளின்படி 2012-13 பருவம் முதல் ஒவ்வொரு கழகமும் இரசிகர் தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. சில கழகங்களில் இவ்வலுவலர் தொடர்புத்துறையின் கீழும், வேறு சிலவற்றில் தனியாகவும் இயங்குகிறார்.

சிறிய கழகங்களில் இப்பணிகள் அனைத்தையும் ஒருவரோ இருவரோ மேற்கொள்வதுண்டு. போட்டி மலரை எழுதுபவரே ஒளிப்படம் எடுப்பதும், ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் கீழ்நிலை லீக்குகளில் இயல்பான காட்சியாகும்.

தொடர்புத்துறை இயக்குநர் பெரும்பாலும் தலைமைச் செயல் அலுவலரின் கீழ் பணியாற்றுகிறார். ஆனால் நாள்தோறும் அவர் கையாள வேண்டியவர் மேலாளர் ஆவார். கழகத்தின் நலனும் மேலாளரின் நலனும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. தோல்விகள் தொடரும்போது மேலாளரைப் பாதுகாக்கும் அறிக்கையை எழுதும் அதே அலுவலர், சில நாட்களில் அவரை நீக்கும் அறிக்கையையும் எழுத வேண்டியவராகிறார். இப்பணியின் மிகக் கடினமான பகுதி இதுவே எனலாம்.

முதன்மைப் பணிகள்

செய்தியாளர் சந்திப்பு

பிரீமியர் லீக்கில் ஒவ்வொரு போட்டிக்கு முன்னரும் மேலாளர் செய்தியாளர்களைச் சந்திக்கிறார். வார இறுதிப் போட்டிகளுக்கு முன் இது பெரும்பாலும் வெள்ளிக்கிழமையன்று பயிற்சித் திடலில் நடைபெறும். இச்சந்திப்பு வழக்கமாகப் பகுதிகளாகப் பிரிக்கப்படும். முதற் பகுதி தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் உரியது; அது உடனடியாக ஒளிபரப்பப்படலாம். அடுத்த பகுதி நாளிதழ்களுக்கு உரியது. இப்பகுதியில் கூறப்படுபவற்றைக் குறிப்பிட்ட நேரம் வரை வெளியிடுவதில்லை என இரு தரப்பும் உடன்படுகின்றன. இது வெளியீட்டுத் தடைக் காலம் எனப்படும். தொலைக்காட்சியில் பகலிலேயே கேட்டுவிட்ட செய்தியை மறுநாள் நாளிதழில் வாசகர் காசு கொடுத்து வாங்கமாட்டார் என்பதே இவ்வேற்பாட்டின் காரணமாகும்.

சந்திப்பிற்கு முன்னர் ஊடக அலுவலர், கேட்கப்படக்கூடிய வினாக்களை மேலாளருக்குச் சுருக்கமாக எடுத்துக் கூறுவார். காயமடைந்த வீரர்களின் நிலை, பிற கழகங்களின் கருத்துகள், அன்றைய நாளிதழ்ச் செய்திகள், சட்டக் காரணங்களால் பேசக்கூடாத பொருள்கள் ஆகியன இவற்றில் அடங்கும். என்ன பேச வேண்டும் என்று மேலாளருக்குக் கட்டளையிட ஊடக அலுவலரால் இயலாது. அவரை எதிர்பாராத வினாவின் முன் நிறுத்தாமல் இருப்பதே அவரது கடமையாகும்.

சந்திப்பொன்றைச் சில நொடிகளிலேயே முடித்தவர் என்ற வகையில் எரிக் கன்டோனா நினைவுகூரப்படுகிறார். பார்வையாளர் ஒருவரைத் தாக்கிய வழக்கில் 1995 மார்ச்சு 31 அன்று அவரது சிறைத் தண்டனை மேன்முறையீட்டில் 120 மணிநேரச் சமூகப் பணியாக மாற்றப்பட்டது. அதன் பின்னர் செய்தியாளர்களின் முன் அமர்ந்த அவர், மீன்பிடிப் படகைத் தொடரும் கடற்பறவைகளைப் பற்றிய ஒரே வாக்கியத்தை மெதுவாகக் கூறிவிட்டு எழுந்து சென்றார்.

போட்டி நாள்

போட்டி நாளில் ஊடகப் பணியாளர்கள் செய்தியாளர் மாடத்தையும், நேர்காணல் அறைகளையும், ஒளிப்படக் கலைஞர்களின் இடங்களையும் மேற்பார்வை செய்கின்றனர். அணி விவரம் போட்டி தொடங்குவதற்கு முன்னர் குறித்த நேரத்தில் அதிகாரிகளிடம் அளிக்கப்பட்ட பின்னரே வெளியிடப்படும். அதற்கு முன் அது கசிவது எதிரணிக்கு உதவுவதுடன், பந்தயச் சந்தையையும் பாதிக்கும் என்பதால் இது கவனமாகப் பாதுகாக்கப்படுகிறது. போட்டி முடிந்ததும் மேலாளர் முதலில் உரிமம் பெற்ற தொலைக்காட்சிகளுக்கும், பின்னர் வானொலிக்கும், இறுதியாக எழுத்து ஊடகங்களுக்கும் பேசுவார்.

ஐரோப்பியப் போட்டிகளில் கலப்பு வலயம் எனப்படும் ஓர் இடமும் உண்டு. உடைமாற்றும் அறையிலிருந்து பேருந்துக்குச் செல்லும் வீரர்கள் இவ்வலயத்தின் வழியாகவே செல்ல வேண்டும். தடுப்பின் மறுபுறம் செய்தியாளர்கள் நிற்பர். வீரர் நின்று பேசலாம், பேசாமலும் செல்லலாம். தொலைபேசியில் பேசுவது போல் நடித்துக்கொண்டு கடந்து செல்லும் வீரர்கள் செய்தியாளர்களிடையே நன்கு அறியப்பட்டவர்கள்.

வீரர் மாற்ற அறிவிப்பு

புதிய வீரர் ஒருவரை வாங்கும்போது மருத்துவப் பரிசோதனை, இரு கழகங்களிடையிலான உடன்பாடு, வீரரின் தனிப்பட்ட ஒப்பந்தம், வெளிநாட்டவராயின் பணி உரிமம் ஆகிய அனைத்தும் நிறைவடைந்த பின்னரே அறிவிப்பு வெளியிடப்பட வேண்டும். ஒளிப்படமும் காணொளியும் முன்கூட்டியே எடுக்கப்பட்டு வைக்கப்பட்டிருக்கும். உடன்பாடு கடைசி நேரத்தில் முறிந்தால் அவை அழிக்கப்படும்.

2010களின் பிற்பகுதியில் இவ்வறிவிப்புகள் வேடிக்கையான காணொளிகளாக மாறின. இத்தாலியின் ரோமா கழகம் 2019ஆம் ஆண்டில் இதனை வேறொரு நோக்கத்திற்குப் பயன்படுத்தியது. புதிய வீரரை அறிவிக்கும் ஒவ்வொரு காணொளியிலும் காணாமற்போன சிறுவர்களின் படங்களையும் அக்கழகம் இணைத்து வெளியிட்டது. காணாமற்போனோரைத் தேடும் அமைப்புகளின் உதவியுடன் நடைபெற்ற இம்முயற்சியில் காட்டப்பட்ட சிறுவர்களுட் சிலர் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டனர்.

பங்குச் சந்தைக் கடமைகள்

கழகம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தால், பங்கின் விலையைப் பாதிக்கக்கூடிய செய்தியை முறைப்படி வெளியிட வேண்டும். மான்செஸ்டர் யுனைட்டெட் 2012 ஆகத்து மாதம் முதல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 2013 மே 7 மாலையில் மேலாளர் அலெக்ஸ் பெர்குசன் ஓய்வு பெறப் போவதாகச் செய்திகள் பரவின. கழகம் மறுநாள் காலையில் அதனை உறுதிப்படுத்தியது; மே 9 அன்று டேவிட் மோயசின் நியமனத்தை அறிவித்தது.

2014 ஏப்ரல் 21 அன்று மோயசு நீக்கப்படவுள்ளார் என்று நாளிதழ்கள் எழுதின. கழகம் மறுநாள், ஏப்ரல் 22 அன்று, அவரது நீக்கத்தை அறிவித்தது. முடிவு எடுக்கப்படுவதற்கும் அது உரியவரிடம் தெரிவிக்கப்படுவதற்கும் இடையே உள்ள நேரம் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு மேலாளரின் மதிப்பும் கழகத்தின் மதிப்பும் காக்கப்படும் என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளும் சான்றாகும்.

கழகத்தின் சொந்த ஊடகங்கள்

மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தின் தொலைக்காட்சி அலைவரிசையான எம்யுடிவி 1998 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. பின்னர் பல கழகங்கள் தமக்கெனத் தொலைக்காட்சிகளையும் காணொளிச் சேவைகளையும் தொடங்கின. இவற்றின் மூலம் கழகம் தன் கருத்தைத் தடையின்றி வெளியிட முடிகிறது. ஆயினும் இவை செய்தி ஊடகங்களா, விளம்பர ஊடகங்களா என்ற வினா தொடர்ந்து எழுப்பப்படுகிறது.

2005 அக்டோபர் 29 அன்று மிடில்ஸ்பரோ அணியிடம் மான்செஸ்டர் யுனைட்டெட் 4-1 என்ற கணக்கில் தோல்வியுற்றது. அதன் பின்னர் அணித்தலைவர் ராய் கீன் எம்யுடிவிக்கு அளித்த நேர்காணலில் தன் அணி வீரர்களுட் பலரைக் கடுமையாக விமர்சித்தார். கழகம் அந்த நேர்காணலை ஒளிபரப்பவில்லை. எனினும் அதன் உள்ளடக்கம் நாளிதழ்களில் வெளிவந்தது. நவம்பர் 18 அன்று கீன் கழகத்தை விட்டு விலகினார். சொந்த ஊடகத்தில் ஒன்றைத் தடுத்து நிறுத்துவதால் அது வெளியில் தெரியாமற் போய்விடுவதில்லை என்பதை இந்நிகழ்வு காட்டியது.

2018ஆம் ஆண்டு முதல் இணையக் காணொளி நிறுவனங்களும் கழகங்களின் உள்ளே நுழைந்தன. அமேசான் நிறுவனம் அவ்வாண்டில் மான்செஸ்டர் சிட்டி பற்றிய ஆவணத் தொடரை வெளியிட்டது. டோட்டன்ஹாம் ஹாட்ஸ்பர், ஆர்செனல் ஆகியவை பற்றிய தொடர்கள் பின்னர் வந்தன. நெட்பிளிக்ஸ் வெளியிட்ட சண்டர்லாந்து கழகத்தின் தொடர், வெற்றியைப் பதிவு செய்யும் எண்ணத்துடன் தொடங்கி, அக்கழகம் மூன்றாம் நிலை லீக்கிற்கு இறங்கியதைப் பதிவு செய்வதாக முடிந்தது.

நெருக்கடிக் காலத் தொடர்பு

விபத்து, இறப்பு, குற்றச்சாட்டு, இரசிகர் போராட்டம் முதலியவை ஏற்படும்போது தொடர்புத்துறையின் பணி வேறுபட்ட இயல்பைப் பெறுகிறது. உண்மைகள் முழுமையாகத் தெரியாத நிலையில், தெரிந்தவற்றை மட்டும் கூறும் சுருக்கமான அறிக்கை முதலில் வெளியிடப்படும். குடும்பத்தினருக்குத் தெரிவிக்கும் முன் பெயர்களை வெளியிடாமை, ஊகங்களுக்கு விடையளிக்காமை, கழகத்தின் சார்பில் ஒருவரே பேசுதல் ஆகியன பொதுவாகப் பின்பற்றப்படும் விதிகளாகும்.

லெஸ்டர், 2018

2018 அக்டோபர் 27 அன்று போட்டி முடிந்த பின்னர் லெஸ்டர் சிட்டி கழகத்தின் உரிமையாளர் விச்சை சிறிவத்தனபிரபா பயணம் செய்த உலங்குவானூர்தி விளையாட்டரங்கிற்கு வெளியே விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த ஐவரும் உயிரிழந்தனர். விபத்தைப் பலர் நேரில் கண்டிருந்தனர், காணொளிகளும் பரவின. ஆயினும் கழகம் மறுநாள் மாலையிலேயே உரிமையாளரின் இறப்பை உறுதி செய்து அறிக்கை வெளியிட்டது. உலகம் முழுவதும் விடை கேட்டுக் கொண்டிருந்த அந்த இடைவெளியில் கழகம் காத்த அமைதி, இறந்தோரின் குடும்பங்களுக்காகக் காக்கப்பட்டதாகும்.

லிவர்பூல், 2011-12

2011 அக்டோபர் 15 அன்று நடைபெற்ற போட்டியில் லிவர்பூல் வீரர் லூயிசு சுவாரெசு, மான்செஸ்டர் யுனைட்டெட் வீரர் பத்திரீசு எவ்ராவை இனவெறிச் சொற்களால் இழிவுபடுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். திசம்பர் 20 அன்று காற்பந்துச் சங்கத்தின் குழு அவருக்கு எட்டுப் போட்டிகளில் விளையாடத் தடையும் 40,000 பவுண்டு தண்டமும் விதித்தது. மறுநாள் விகன் அணியுடனான போட்டிக்கு முன் லிவர்பூல் வீரர்கள் சுவாரெசின் படம் பொறித்த சட்டைகளை அணிந்து பயிற்சி செய்தனர்.

2012 பெப்ரவரி 11 அன்று சுவாரெசு எவ்ராவுடன் கைகுலுக்க மறுத்தார். அதன் பின்னர் தொலைக்காட்சிக்குப் பேசிய மேலாளர் கென்னி டால்கிலீசு, அந்நிகழ்வு தனக்குத் தெரியாது என்று கூறி, வினா எழுப்பியவரிடம் கடுமையாக நடந்துகொண்டார். மறுநாள் சுவாரெசு, டால்கிலீசு, கழக நிருவாக இயக்குநர் ஆகிய மூவரும் தனித்தனியே வருத்தம் தெரிவித்தனர். தன் வீரரைக் காப்பது என்ற உணர்வு, குற்றத்திற்கு உள்ளானவரைப் பற்றிய எண்ணத்தை மறைத்துவிட்டதே இத்தவறின் அடிப்படை எனக் கருதப்படுகிறது. சட்டை அணிந்த வீரர்களுள் ஒருவரான ஜேமி காரகர், எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் 2019இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் எவ்ராவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார்.

ஐரோப்பிய சூப்பர் லீக், 2021

2021 ஏப்ரல் 18 ஞாயிறு இரவு, ஐரோப்பாவின் 12 கழகங்கள் தமக்கெனத் தனி லீக் ஒன்றை அமைக்கப்போவதாக அறிவித்தன. இவற்றுள் ஆறு இங்கிலாந்துக் கழகங்கள். இரசிகர்களிடமோ வீரர்களிடமோ முன்கூட்டிக் கலந்தாலோசிக்கப்படவில்லை. அறிக்கையை வெளியிட்ட உரிமையாளர்கள் எவரும் செய்தியாளர்களின் முன் தோன்றவில்லை.

இதனால், மறுநாள் லீட்சு யுனைட்டெட் அணியுடனான போட்டிக்கு வந்த லிவர்பூல் மேலாளர் யூர்கன் கிளாப், தான் பங்குபெறாத முடிவைப் பற்றிய வினாக்களை எதிர்கொள்ள நேர்ந்தது. வீரர் ஜேம்சு மில்னர் தனக்கு இத்திட்டம் பிடிக்கவில்லை என்று தொலைக்காட்சியில் வெளிப்படையாகக் கூறினார். ஏப்ரல் 20 அன்று செல்சி விளையாட்டரங்கின் வெளியே அணியின் பேருந்தை மறித்த இரசிகர்களிடம், கழகத்தின் முன்னாள் இலக்குக் காவலரும் அப்போதைய ஆலோசகருமான பீட்டர் செக் தெருவில் இறங்கி நேரம் கேட்டு வேண்டினார். அன்றிரவுக்குள் ஆறு கழகங்களும் விலகுவதாக அறிவித்தன. ஆர்செனல் திறந்த மடல் ஒன்றில் மன்னிப்புக் கேட்டது. லிவர்பூல் உரிமையாளர் ஜான் என்றி காணொளியில் மன்னிப்புக் கேட்டார்.

இத்திட்டம் தோற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. எனினும், முடிவெடுத்தவர்கள் பேசாமலும், பேச வேண்டியவர்கள் அறியாமலும் இருந்தது தொடர்புத் துறையில் பெருந்தவறாகக் கூறப்படுகிறது.

ஊடகங்களுடனான முரண்பாடுகள்

கழகங்களின் ஊடகத் தடைகள்

விளையாட்டரங்கு கழகத்தின் தனியுடைமை என்பதால், எவரை உள்ளே விடுவது என்பதைக் கழகம் பெரிதும் தீர்மானிக்க இயலும். இவ்வதிகாரம் விமர்சனத்தைத் தண்டிக்கவும் பயன்படுத்தப்பட்டுள்ளது.

• 2004ஆம் ஆண்டில் தன் மகனின் தொழிலைப் பற்றிப் பிபிசி ஒளிபரப்பிய நிகழ்ச்சியினால் சினமுற்ற அலெக்ஸ் பெர்குசன், 2011 ஆகத்து வரை அந்நிறுவனத்திற்கு நேர்காணல் அளிக்க மறுத்தார்.
• 2010ஆம் ஆண்டில் சௌத்தாம்ப்டன் கழகம் தன் அரங்கில் வெளி ஒளிப்படக் கலைஞர்களை அனுமதிக்க மறுத்து, தானே படங்களை விற்க முற்பட்டது. பிளிமவுத் நகர நாளிதழ் அப்படங்களை வாங்க மறுத்து, போட்டியின் காட்சிகளை ஓவியமாக வரையச் செய்து வெளியிட்டது.
• 2013 அக்டோபரில் நியூகாசில் யுனைட்டெட் கழகம், உரிமையாளருக்கு எதிரான இரசிகர் பேரணி குறித்த செய்திகளுக்காக, அந்நகரின் மூன்று நாளிதழ்களைத் தன் அரங்கிலிருந்து தடை செய்தது.

நியூகாசில் கழகத்தின் முந்தைய வரலாற்றில் இதற்கு நேர்மாறான நிகழ்வொன்றும் உண்டு. 1995 சனவரியில் முன்கள வீரர் அன்டி கோல் மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்திற்கு விற்கப்பட்டபோது சினமுற்ற இரசிகர்கள் அரங்கின் முன் கூடினர். மேலாளர் கெவின் கீகன் படிக்கட்டுகளில் நின்று, அவர்களது வினாக்களுக்கு நேருக்கு நேர் விடையளித்தார்.

தடைகள் செய்திகளை நிறுத்துவதில்லை என்பது பொதுவான அனுபவமாகும். தடை செய்யப்பட்ட செய்தியாளர் வேறு வழிகளில் செய்தி பெற்று எழுதுகிறார். ஆனால் கழகத்தின் விளக்கம் மட்டும் அச்செய்தியில் இடம்பெறாமற் போகிறது.

ஹில்ஸ்பரோவும் த சன் நாளிதழும்

எல்லாத் தடைகளும் ஒரே தன்மையுடையன அல்ல. 1989 ஏப்ரல் 15 அன்று செஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசலினால் லிவர்பூல் இரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தனர். நான்கு நாட்களின் பின்னர் த சன் நாளிதழ், இறந்தோரின் உடைமைகளை இரசிகர்கள் திருடினர் என்பது உள்ளிட்ட பொய்யான குற்றச்சாட்டுகளை உண்மை எனத் தலைப்பிட்டு வெளியிட்டது. இதன் பின்னர் லிவர்பூல் நகரில் அந்நாளிதழ் பெருமளவில் புறக்கணிக்கப்பட்டது. 2016 ஏப்ரலில் மரண விசாரணை நடுவர் குழு, இறந்தோர் சட்டத்திற்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் எனவும், இரசிகர்களின் நடத்தை விபத்திற்குக் காரணமன்று எனவும் தீர்ப்பளித்தது. 2017 பெப்ரவரியில் லிவர்பூல் கழகம் த சன் செய்தியாளர்களைத் தனது அரங்கிலும் பயிற்சித் திடலிலும் அனுமதிப்பதில்லை என முடிவு செய்தது. அவ்வாண்டு ஏப்ரலில் எவர்ட்டன் கழகமும் தன் வீரரைப் பற்றிய பத்தியொன்றின் காரணமாக அந்நாளிதழைத் தடை செய்தது.

விமர்சனங்கள்

கழகங்களின் தொடர்புத்துறைகள் வளர்ந்ததால் வீரர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் இடையிலான தொலைவு மிகுந்துவிட்டது என்பது செய்தியாளர்களின் முதன்மையான குறையாகும். ஊடகப் பயிற்சி பெற்ற வீரர்கள் ஒரே வகையான, பொருளற்ற விடைகளையே அளிக்கின்றனர் எனக் கூறப்படுகிறது. மறுபுறம், இளம் வயதினரான வீரர்களின் ஒரு சொல் சில நிமிடங்களில் உலகெங்கும் பரவும் சூழலில் இப்பாதுகாப்புத் தேவையானது என்று கழகங்கள் வாதிடுகின்றன. வீரர்கள் மீதான இணையவழி இனவெறித் தாக்குதல்களை எதிர்த்து, 2021 ஏப்ரல் 30 முதல் மே 3 வரை இங்கிலாந்துக் காற்பந்து அமைப்புகளும் கழகங்களும் சமூக ஊடகங்களை முற்றாகப் புறக்கணித்தன.

உள்ளூர் நாளிதழ்கள் நலிவடைந்து வருவதும் கவலைக்குரியதாகக் கருதப்படுகிறது. கழகத்தின் நிதி நிலை, உரிமையாளரின் பின்னணி, நுழைவுச் சீட்டின் விலை முதலியவற்றைக் கழகத்தின் சொந்தத் தொலைக்காட்சி ஆராயப் போவதில்லை. அவ்வினாக்களை எழுப்பும் வெளி ஊடகம் இல்லாத இடத்தில், இரசிகர் இதழ்களும் இரசிகர்களின் ஒலிபரப்புகளுமே அப்பணியைச் செய்கின்றன. ஆகவே, வெளி ஊடகங்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பதும் தொடர்புத்துறைத் தலைவரின் கடமைகளுள் ஒன்று என இத்துறையினர் பலர் கருதுகின்றனர்.